உட்கார ஓர் இடம்

 

இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு ஸ்டூல். கடைகளில் கிடக்குமே, சாய்மானம் இல்லாத அதே பிளாஸ்டிக் ஸ்டூல்தான். சமூக மாற்றத்துக்கும் ஸ்டூலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நெருங்கிய தொடர்பு இருக்கிறது. மாற்றம் என்றதும் ஆட்சி மாறியது, சட்டம் வந்தது, சாலை அகலமானது, கைக்குக் கைபேசி வந்தது என்று நாம் கணக்குச் சொல்கிறோம். அந்தக் கணக்கைச் சரிபார்க்க மூன்று கேள்விகள் போதும். இந்த ஊரில் யார் உட்காரலாம்? யார் நிற்க வேண்டும்? யாருக்கு முன்னால் யார் உட்காரக் கூடாது?

இந்த மூன்று கேள்விகளோடு, முதலில் தியாகராய நகருக்குப் போவோம்.

மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்தால், நாம் நடக்க வேண்டியதே இல்லை. கூட்டமே நம்மைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஏதோ ஒரு ஜவுளிக் கடை. மூன்றாவது மாடி, சேலைப் பிரிவு. பத்தொன்பது, இருபது வயதுப் பெண் ஒருத்தி சீருடையில் நிற்கிறாள். பேச்சில் தென்மாவட்டத்து வாசனை. ஒரு குடும்பம் வருகிறது. "இதுலயே மாம்பழ மஞ்சள் இருக்காம்மா?" "இருக்குக்கா." ஒரு சேலை பிரிகிறது. "பார்டர் இன்னும் கொஞ்சம் சின்னதா?" இன்னொன்று பிரிகிறது. முப்பது, நாற்பது சேலைகள் மேசையில் மலையாகக் குவிகின்றன. கடைசியில் அந்த அம்மா, "சரி, வேற கடையில பார்த்துட்டு வர்றோம்" என்று எழுந்து போகிறார். எழுந்து என்ற சொல்லைக் கவனியுங்கள். இவ்வளவு நேரமும் அவர் உட்கார்ந்திருந்தார். வாடிக்கையாளருக்கு ஸ்டூல் உண்டு. அவருக்காக நாற்பது சேலையைப் பிரித்து, மறுபடி அதே மடிப்பில் மடித்து வைக்கும் பெண்ணுக்கு இல்லை.

அவளுடைய கால்களைப் பாருங்கள். பாரத்தை ஒரு காலில் போட்டு, மறு காலின் குதியை மெல்லத் தூக்குகிறாள். சற்று நேரத்தில் கால் மாறுகிறது. அலமாரியில் சாய முடியாது, மேற்பார்வையாளர் பார்த்துவிடுவார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், கீழ்த்தட்டில் எதையோ தேடுவது போல அவள் குத்தவைத்து உட்காருகிறாள். கீழ்த்தட்டில் தேட ஒன்றுமில்லை. அங்கே அவள் தேடுவது அரை நிமிட ஓய்வை.

இந்த வாழ்க்கையைத் தமிழ்த் திரை ஒரு முறை நேருக்கு நேர் பார்த்தது. 2010-இல் வசந்தபாலன் இயக்கிய 'அங்காடித் தெரு' வந்தபோது, பார்த்தவர்கள் கலங்கினார்கள், பத்திரிகைகள் எழுதின, விவாதங்கள் நடந்தன. அந்த ஆண்டுத் தீபாவளிக்கும் கடைகளில் கூட்டம் குறையவில்லை. நின்றவர்கள் நின்றுகொண்டேதான் இருந்தார்கள்.

நின்றால் என்ன, இளவயதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. உடலின் கணக்கு வேறு. காலில் இருக்கும் ரத்தம் இதயத்துக்குத் திரும்ப மேல்நோக்கி ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, சிரைகளில் உள்ள ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நின்றால் அந்தத் தள்ளுதல் நடப்பதில்லை. ரத்தம் தேங்குகிறது, பாதம் வீங்குகிறது. நாள்பட நாள்பட சிரைகள் புடைத்து முறுக்கிக்கொள்கின்றன. மருத்துவர் வெரிகோஸ் வெயின் என்கிறார்; ஊரில் நரம்பு சுருட்டிக்கொண்டது என்கிறார்கள். இடுப்பு வலி தனி. அடிக்கடி கழிப்பறைக்குப் போக விடமாட்டார்கள் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு, சிறுநீர்த் தொற்றோடு நாளைத் தள்ளும் பெண்கள் தனி. சம்பளச் சீட்டில் இதற்கெல்லாம் பத்தி கிடையாது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

2021 செப்டம்பர் 6. தமிழ்நாடு சட்டப்பேரவையில் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் ஒரு திருத்த மசோதாவைத் தாக்கல் செய்தார். 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதுப் பிரிவைச் சேர்க்கும் மசோதா அது. கடையோ நிறுவனமோ, அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். இவ்வளவுதான் செய்தி. மசோதா நிறைவேறிச் சட்டமாயிற்று. நாட்டிலேயே இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்த இரண்டாவது மாநிலம் தமிழ்நாடு. முதல் மாநிலம் கேரளம், 2018-இல்.

பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அந்தப் பெருமையோடு இன்னொரு தேதியையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தைப் புரட்டினால் 44-ஆம் பிரிவு கண்ணில் படும். நின்றபடி வேலை செய்ய வேண்டிய தொழிலாளருக்கு இருக்கை வசதி வேண்டும், வேலைக்கு நடுவே ஓய்வுக்கு வாய்ப்புக் கிடைத்தால் அவர் உட்கார வேண்டும் என்று அங்கே அப்போதே எழுதிவிட்டார்கள். ஆலைக்குள் 1948-இல் எழுதப்பட்ட நியாயம், எதிர்ச்சாரியில் இருக்கும் கடைக்குள் வர 2021 ஆயிற்று. 73 ஆண்டுகள்! ஆலைத் தொழிலாளியின் காலும் கடைத் தொழிலாளியின் காலும் வேறு வேறு எலும்பினால் ஆனவையா? ஆலையில் வலிக்கும் இடுப்பு கடையில் வலிக்காதா?

உலகமும் இதை அறியாமல் இருக்கவில்லை. இங்கிலாந்தில் 1899-லேயே கடை உதவியாளர்களுக்கு இருக்கை தருவதற்கென்று ஒரு தனிச் சட்டம் வந்துவிட்டது. மூன்று பெண் உதவியாளர்களுக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்றது அது. 1964-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, வணிக நிலையங்களிலும் அலுவலகங்களிலும் போதுமான இருக்கைகள் வேண்டும், அவற்றில் உட்கார நியாயமான வாய்ப்பும் வேண்டும் என்று உடன்படிக்கையிலேயே எழுதியது. அறிவு இருந்தது, முன்மாதிரி இருந்தது. பிறகு ஏன் இத்தனை தாமதம்?

காரணத்தைத் தேடினால் வரலாறு ஒரு விடை சொல்கிறது. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதன் மேடைகளில் நின்றார்கள். மதிய இடைவேளை சாப்பிட்டு முடிக்கக்கூடப் போதவில்லை என்பதுதான் அன்று தொழிலாளர்கள் சொன்ன முதல் குறைகளில் ஒன்று. சாப்பிட நேரம், உட்கார இடம், ஒதுங்க வசதி. கோரிக்கைகள் சின்னவை. அவற்றைக் கேட்க ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வாசலில் கூடினார்கள். கடைத் தொழிலாளி அப்படிக் கூட முடியவில்லை. நாலு பேர் ஒரு கடையில், நாற்பது பேர் ஒரு கடையில், நானூறு பேர் ஒரு மாளிகையில். பலர் ஊரை விட்டு வந்து, கடை முதலாளி ஏற்பாடு செய்த விடுதியிலேயே தங்கியிருப்பவர்கள். வேலை போனால் படுக்கையும் போய்விடும். இந்த நிலையில் யார் குரல் எழுப்புவார்?

எழுப்பினார்கள். அதைச் சொல்லக் கோழிக்கோட்டுக்குப் போக வேண்டும்.

கோழிக்கோட்டின் பெரிய கடைவீதி மிட்டாய்த் தெரு. அங்கே கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறைகூடக் கிடையாது. பக்கத்து ஓட்டலுக்கு ஓடிப்போய், காசு கொடுத்து எதையாவது வாங்கி, அந்தச் சாக்கில் ஒதுங்கிவிட்டு வர வேண்டும். தையல் தொழிலாளியான விஜி என்ற பெண், அந்தப் பெண்களைத் திரட்டினார். 'பெண்கூட்டு' என்று அமைப்புக்குப் பெயர் வைத்தார்கள். முதல் கோரிக்கை கழிப்பறை. அடுத்தது இருக்கை. கேரளத்து ஜவுளிக் கடைகளில் உட்கார்ந்தாலோ சாய்ந்தாலோ சம்பளத்தில் பிடித்தம் என்ற நிலை இருந்தது. அதை எதிர்த்துப் பெண்கள் கடை வாசலிலேயே நாள் கணக்கில் அமர்ந்து போராடினார்கள். உள்ளே உட்காரக் கூடாது என்றவர்களின் வாசலில் உட்கார்ந்தார்கள்! பல ஆண்டுகள் இழுத்த அந்தப் போராட்டத்தின் பயன்தான் 2018-இன் சட்டத் திருத்தம். அதே ஆண்டு பி.பி.சி. வெளியிட்ட, உலகில் தாக்கம் ஏற்படுத்திய 100 பெண்களின் பட்டியலில் விஜியின் பெயர் இருந்தது.

இதில் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய இழை ஒன்று உண்டு. சட்டம் தலைநகரத்தில் எழுதப்பட்டது. ஆனால் அது பிறந்த இடம் ஒரு கடைவீதி. பட்டப்பகலில் ஒதுங்க இடமில்லாமல் தவித்த பெண்களின் பேச்சில் அது பிறந்தது. மாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், இப்படிப்பட்ட பேச்சுகளிலிருந்துதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

இனி, எதிர்த்தரப்பு வாதத்தையும் கேட்போம். அதுதான் நியாயம்.

"கஸ்டமர் வந்தா எழுந்து நிக்கிறதுதானே மரியாதை? உட்கார்ந்துக்கிட்டே வியாபாரம் பார்த்தா கடை உருப்படுமா?" இது கடைக்காரர் சொல்வது. வாடிக்கையாளர் வரும்போது எழுந்து நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் இல்லாதபோது உட்காரட்டும் என்றுதான் சொல்கிறது. அது இருக்கட்டும், உட்கார்ந்தால் வியாபாரம் கெடுமா என்ற கேள்விக்கு நம் ஊரே பதில் வைத்திருக்கிறது. காஞ்சிபுரத்தில் பழைய பாணிப் பட்டுக் கடைக்குள் போய்ப் பாருங்கள். தரையிலோ மேடையிலோ மெத்தை போட்டு வெள்ளைத் துணி விரித்திருக்கும். விற்பவரும் உட்கார்ந்திருப்பார், வாங்குபவரும் உட்கார்ந்திருப்பார். மடியில் எடுத்துவைத்து, சேலையை விசிறி போல விரித்து, முந்தானையைத் திருப்பிக் காட்டி, ஜரிகையை விரலால் தடவிக் காட்டி விற்பார். தலைமுறை தலைமுறையாகக் கல்யாணப் பட்டு அப்படித்தான் விற்றது. உட்கார்ந்து விற்றதால் பட்டின் மதிப்பு குறைந்ததா? கடை நொடித்ததா?

ஆக, நின்று விற்பது நம் மரபு இல்லை. மாடி மாடியாகக் கடை வந்தபோது கூடவே வந்த பழக்கம் அது. வங்கிக் காசாளர் உட்கார்ந்தபடியே லட்சம் லட்சமாக எண்ணுகிறார். நம் பணம் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. ரயில் நிலையத்தில் பயணச்சீட்டுத் தருபவர் உட்கார்ந்துதான் தருகிறார், வண்டி தாமதமாவதில்லை. அப்படியானால் கடைப் பெண் மட்டும் ஏன் நிற்க வேண்டும்?

வேலை அதைக் கேட்கவில்லை. வேறொன்று கேட்கிறது. பணம் கொடுக்க வந்தவருக்கு, தான் உயர்ந்தவர் என்ற உணர்வு வர வேண்டும். அதற்கு எதிரே ஒருவர் பணிந்து நிற்க வேண்டும். அவள் நிற்பதும் விற்பனைச் சரக்கில் சேர்த்தி. கடை வாசலில் பட்டு உடுத்தி நிற்கும் பொம்மையைப் போல, உள்ளே நிற்கும் பெண்ணும் காட்சிக்காகவே நிறுத்தப்பட்டிருக்கிறாள். பொம்மைக்குக் கால் வலிக்காது என்ற ஒரு வேறுபாட்டைத்தான் அந்த ஏற்பாடு மறந்துவிடுகிறது.

நண்பர்களே, நிற்க வைத்து மேன்மை தேடும் இந்தப் பழக்கம் ஜவுளிக் கடையில் தொடங்கியதல்ல. அதன் வேர் எங்கே இருக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இந்த நாட்டில் சாதி மனிதர்களைப் பிரித்த வழிகளில் உட்காரும் இடமும் ஒன்று. டீக்கடையில் பெஞ்சு யாருக்கு, தரை யாருக்கு? திண்ணையில் யார், தெருவில் யார்? துண்டு யார் தோளில், யார் இடுப்பில்? எழுதப்படாத இந்தச் சட்டங்களை எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கூடம் போகும் முன்பே கற்றுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. பல ஊர்களில் அது இன்னும் முடியவில்லை.

தியாகராய நகரில் பாண்டி பஜார் இருக்கிறது. எத்தனை தடவை போயிருப்போம்! அந்தப் பாண்டி யார் என்று கேட்டிருக்கிறோமா? பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்த டபிள்யு.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் அவர். 1929-இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் (ஜில்லா போர்டு) தலைவராக இருந்தபோது அவர் முன்னால் ஒரு பிரச்சினை வந்தது. தனியார் பேருந்துகள் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுத்தன. காசு இருந்தாலும் இடம் கிடையாது. ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் பறிபோகும் என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். அறிவுரை சொல்லவில்லை, கெஞ்சவில்லை. உரிமத்தின் மேல் கை வைத்தார். பேருந்தின் கதவு திறந்தது. பேருந்தில் இருக்கைக்காகப் போராடிய ஒருவரின் பெயரைத் தாங்கிய அதே கடைவீதியில்தான், இன்று நம் பிள்ளைகள் உட்கார இருக்கை இல்லாமல் நிற்கிறார்கள். இதை யோசிக்க வேண்டாமா?

கடல் கடந்து ஒரு காட்சியையும் பார்த்துவிடுவோம். அமெரிக்கா, வட கரோலினா மாநிலம், கிரீன்ஸ்பரோ நகரம். 1960 பிப்ரவரி 1. உல்வொர்த் என்ற பெரிய கடை. கறுப்பின மக்கள் அங்கே சோப்பு வாங்கலாம், சீப்பு வாங்கலாம், பற்பசை வாங்கலாம். கடைக்குள் இருந்த சிற்றுண்டி மேசையில் மட்டும் உட்காரக் கூடாது. அன்று நான்கு கறுப்பின மாணவர்கள் சில சாமான்களை வாங்கினார்கள், போய் அந்த மேசையில் உட்கார்ந்தார்கள், காபி கேட்டார்கள். கிடைக்கவில்லை. கடை சாத்தும் வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்தடுத்த நாள்களில் அது ஊர் ஊராகப் பரவியது. ஜூலை மாதம் அந்த மேசை எல்லோருக்கும் திறக்கப்பட்டது. அவர்கள் கையில் ஆயுதம் இல்லை. உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். ஓர் அநீதியான ஏற்பாட்டுக்கு, உட்கார்ந்திருக்கும் மனிதனே பெரிய அச்சுறுத்தல்.

அதை நம் ஊராட்சி அலுவலகங்கள் இன்றும் நிரூபித்துக்கொண்டிருக்கின்றன. மதுரை மாவட்டத்து மேலவளவில், தனித்தொகுதியான ஊராட்சியின் தலைவராகத் தேர்வான முருகேசனும் அவரோடு இருந்த சிலரும் 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒரு தலித் மனிதர் தலைவர் நாற்காலியில் உட்காருவதைச் சகிக்க முடியாதவர்கள் செய்த கொலை அது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்ற பெயர்கள் நினைவிருக்கும். 1996-இல் இந்த ஊராட்சிகள் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, பத்து ஆண்டுகள் அங்கே முறையான தலைவர் வர முடியவில்லை. 2006-இல்தான் தேர்தல் ஒழுங்காக நடந்து தலைவர்கள் பதவியேற்றார்கள்.

சரி, அது பழைய கதை என்று மூச்சு விடலாமா? 2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் நாடெங்கும் பரவியது. கடலூர் மாவட்டம், தெற்குத்திட்டை ஊராட்சி. கூட்டம் நடக்கிறது. மற்றவர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். ஊராட்சித் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பட்டியல் சமூகத்துப் பெண். வாக்குச் சீட்டு அவரைத் தலைவராக்கியது. அரசிதழ் ஏற்றுக்கொண்டது. நாற்காலி ஏற்றுக்கொள்ளவில்லை. படம் வெளியே வந்த பிறகுதான் வழக்கு, நடவடிக்கை எல்லாம் வந்தன. படம் எடுக்கப்படாத கூட்டங்கள் எத்தனை இருக்கும்?

இங்கேதான் ஒரு கேள்வி மனத்தைக் குடைகிறது. மாற்றம் என்பது ஒரே திசையில் ஓடும் ஆறா? நாம் அப்படித்தான் நம்ப விரும்புகிறோம். நேற்றைவிட இன்று மேல், இன்றைவிட நாளை மேல் என்று. நடப்புச் செய்திகளைக் கூர்ந்து பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

2021-இல் கடைத் தொழிலாளிக்கு ஸ்டூல் கொடுத்தது எந்தப் பேரவை? அதே பேரவைதான் 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் வேலை நேரத்தை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழி செய்யும் மசோதாவை நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே 1 அன்று மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, எட்டு மணி நேரம் என்ற அதே கோரிக்கைக்காக மறுபடி குரல் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு கை தருகிறது, இன்னொரு கை எடுக்கப் பார்க்கிறது. இரண்டும் ஒரே உடம்பின் கைகள். பெற்ற உரிமைக்குப் பக்கத்தில் யாராவது விழித்திருக்க வேண்டியிருக்கிறது.

புதிய வேலைகள் புதிய விதமாக மனிதர்களை நிற்க வைக்கின்றன. உணவுப் பொட்டலத்தோடு இருசக்கர வண்டியில் பறக்கும் இளைஞர்களைப் பாருங்கள். அவர்களுக்கு முதலாளியின் முகம் தெரியாது, கைபேசிதான் மேலாளர். ஓட்டல் வாசலில், வெயிலில், அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கிறார்கள். ஓட்டலுக்குள் நாற்காலி உண்டு, அவர்களுக்கு இல்லை. அடுக்ககத்துக்குப் போனால் பல இடங்களில் மின்தூக்கிகூட வேறு. இந்த நிலையில் 2025-இல் சென்னை மாநகராட்சி, அண்ணா நகரில் அவர்களுக்கென்று குளிர்சாதன ஓய்வறை ஒன்றைத் திறந்தது. உட்கார இருக்கை, கழிப்பறை, கைபேசிக்கு மின்னேற்றம். பெரிய மாளிகை இல்லை, சின்ன அறைதான். ஆனால் ஒரு நகரம், தன் தெருவில் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்து "கொஞ்சம் உட்காருப்பா" என்று சொன்னது. அந்த அழைப்பு ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வர வேண்டும்.

அதே 2025-இல், ஜூலை மாதம், பள்ளி வகுப்பறைகளில் மாணவர்களை 'ப' வடிவில் உட்கார வைக்கலாம் என்ற யோசனை தமிழ்நாட்டில் பெரிய விவாதமாயிற்று. 'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்' என்ற மலையாளப் படம் கிளப்பிய எண்ணம் அது. கடைசி பெஞ்சு என்று ஒன்றே இருக்காது என்றார்கள் ஆதரித்தவர்கள். கழுத்து வலிக்கும், கரும்பலகை தெரியாது என்றார்கள் எதிர்த்தவர்கள். இரு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் ஒரு குழந்தை வகுப்பில் எங்கே உட்காருகிறது என்பது அதன் வாழ்க்கையைத் தொடும் விஷயம் என்று ஒரு சமூகம் உட்கார்ந்து பேசியதே, அதுவே வரவேற்கத்தக்கது.

இவ்வளவு நேரம் கடை, பேருந்து, ஊராட்சி, பள்ளி என்று வெளியே பார்த்தோம். வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பார்ப்போம்.

அம்மிக்கும் அரிவாள்மனைக்கும் முன்னால் உட்கார்ந்து வேலை செய்த பெண்ணை, நவீனச் சமையல் மேடை நிற்க வைத்தது. மேடை வந்தது வசதிதான். ஆனால் எத்தனை வீட்டுச் சமையலறையில் ஒரு நாற்காலி இருக்கிறது? கூடத்தில் சோபா, படுக்கையறையில் கட்டில், வராந்தாவில் ஊஞ்சல். அதிக நேரம் வேலை நடக்கும் அறையில் உட்கார ஒன்றும் இல்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியில் உட்காருபவர் யார்? நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்குக் காபி கொடுக்கிறோம். எங்கே உட்கார்ந்து குடிக்கிறார்? கூடத்தில் இரண்டு நாற்காலி காலியாகக் கிடக்க, அவர் சமையலறை நிலைப்படிக்குப் பக்கத்தில் தரையில் உட்காருகிறாரே, யார் சொல்லி உட்கார்ந்தார்? யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்துகொள்ளும்படி நாம் வாழ்ந்திருக்கிறோம்.

சட்டத்தால் எட்ட முடியாத இடம் இது. ஸ்டூல் போடச் சொல்லிச் சட்டம் உத்தரவிடலாம். அதில் தைரியமாக உட்காரும் மனத்தை உத்தரவால் கொடுக்க முடியாது. இன்று கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். சில கடைகளில் ஸ்டூல் வந்துவிட்டது, பெண்கள் உட்காருகிறார்கள், மனம் நிறைகிறது. சில கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, அதன் மேல் துணிக்கட்டு உட்கார்ந்திருக்கிறது. சிலவற்றில் ஸ்டூலும் இருக்கிறது, கண்காணிப்புக் கேமராவும் இருக்கிறது. உட்காரலாம் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் உட்காருவதில்லை. அங்கே சட்டம் கடைக்குள் வந்துவிட்டது. அச்சம் இன்னும் வெளியே போகவில்லை.

அந்த அச்சத்தைப் போக்க யாரால் முடியும்? ஆய்வுக்கு வரும் அதிகாரியால் ஓரளவு முடியும். முதலாளியால் நிச்சயம் முடியும். சங்கத்தால் முடியும். இவர்களை எல்லாம்விட அடிக்கடி அந்தக் கடைக்குள் போகும் ஒருவர் இருக்கிறார். அவர் நாம்தான். அந்தப் பெண் நிற்க வேண்டும் என்பது நமக்காகவே என்று கடைக்காரர் சொல்கிறார். நம் பெயரைச் சொல்லித்தான் அவளை நிற்க வைக்கிறார்கள். எனவே, "எங்களுக்காக அவர் நிற்க வேண்டாம்" என்று சொல்லும் உரிமையும் கடமையும் நமக்கு மட்டுமே இருக்கிறது.

எனவே, இந்த அரங்கில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது மூன்று காரியம் செய்யுங்கள். சேலை காட்டும் பெண்ணிடம், "உட்கார்ந்தே காட்டும்மா, ஒண்ணும் அவசரமில்லை" என்று சொல்லுங்கள். அவள் தயங்குவாள், மேற்பார்வையாளரைத் திரும்பிப் பார்ப்பாள். அப்போது அந்த மேற்பார்வையாளர் காதில் விழும்படி இன்னொரு முறை சொல்லுங்கள். பில் போடும் இடத்தில், "உங்க ஆளுங்க உட்கார ஸ்டூல் எங்கே போட்டிருக்கீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். சண்டை வேண்டாம், கேள்வி போதும். ஒரே நாளில் நூறு பேர் கேட்டால், மறுநாள் அந்த மாடியில் ஸ்டூல் இருக்கும். மூன்றாவது, 22-ஏ பிரிவைப் பற்றி உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தங்களுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாமல் நிற்பவர்கள் ஏராளம். இருக்கை தராத கடையைப் பற்றித் தொழிலாளர் துறையிடம் புகார் கொடுக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பக்கத்தில் இருந்து எழுதிக் கொடுங்கள்.

மாணவ நண்பர்களுக்குத் தனியாக ஒரு வேலை. உங்கள் ஊர்க் கடைவீதியில் எத்தனை கடையில் இருக்கை இருக்கிறது, எத்தனை கடையில் கழிப்பறை இருக்கிறது என்று ஒரு வாரம் நடந்து பார்த்துக் கணக்கெடுங்கள். அந்தப் பட்டியலை உள்ளாட்சி உறுப்பினரிடமும் தொழிலாளர் துறை அலுவலகத்திலும் கொடுங்கள், ஒரு நகலை வணிகர் சங்கத்துக்கும் அனுப்புங்கள். இந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்கள் மறுபடி ஒரு கூட்டம் போடட்டும். அன்று இந்த மேடையில் நீங்கள் அந்தப் பட்டியலைப் படியுங்கள். இந்த ஊர்க் கடைகளில் வேலை பார்ப்பவர்களையும் அழைத்து, முன்வரிசை நாற்காலிகளில் உட்கார வையுங்கள்.